நாற்பது அமர்வுகளில் பூரண குணம்

பல்லுக்காரருக்கு வந்த நோயின் பெயர் அவருடைய விரலைவிட நீளம். இணைப்புத் திசு என்று ஒன்று உடம்பில் இருப்பதே ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த காலமெல்லாம் அது வாயைத் திறக்காமல் வேலை செய்தது. பெயர் தெரிந்த நாளிலிருந்து ஆரம்பித்தது தகராறு. முதலில் விரல்கள் வீங்கி மோதிரம் கழல மறுத்தது. பிறகு தோல் இறுகி, சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. குளிர்ந்த தண்ணீரில் கை பட்டால் விரல்கள் சாக்பீஸாக வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, அரைமணி நேரம் கழித்து எரிச்சலோடு சிவந்து, ஒருவழியாக மனிதனுடைய விரல்களாகத் திரும்பி வரும்.

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வெள்ளை மாவு அச்சின்மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெழுகிலேயே ஈறு பிடிப்பார். கத்தியும் சின்ன விளக்கும் எடுபிடிகள்தான். ஈறு பிடிப்பது வலது கை ஆள்காட்டி விரலின் நுனி. மெழுகு எவ்வளவு இளகியிருக்கிறது, பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமுன்னே அந்த நுனிக்குத் தெரிந்துவிடும். அந்த நுனியில்தான் இப்போது மிளகளவு ஒரு புண் வந்திருந்தது. பட்டறை அலமாரியில் பதினோரு பேருடைய தாடைகள் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. தாடைக்குச் சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் எதையாவது கரைத்துக் குடித்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனை டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையைச் சூடா வச்சுக்குங்க. கையுறையைக் கழட்டவே கழட்டாதீங்க. ரத்தக்குழாயைத் தளர்த்தற மாத்திரை எழுதறேன். கடையில கிடைக்காது, பெரிய ஆஸ்பத்திரியில சும்மாவே குடுப்பாங்க. ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. விட்டா அந்த விரலுக்கு நான் பொறுப்பில்ல."

பல்லுக்காரர் சொன்ன பேச்சைக் கேட்டார். மனைவி கம்பளி நூலில் கையுறை பின்னிக் கொடுத்தாள். மாதாமாதம் ஆஸ்பத்திரி ஜன்னலில் மாத்திரை வாங்கினார். நான்கு மாதத்தில் மிளகு கடுகாயிற்று. மூன்று தாடைகளுக்குப் பல் கட்டி அனுப்பினார். இப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ஐந்தாவது மாதம் மாத்திரை ஜன்னலில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் தள்ளினார்.

"தோல் இறுகற கேஸ் நாலு மாசம் தாண்டினா லேசர் மையத்துக்கு மாத்திடுவோம். அங்க முத்திரை வாங்கிட்டு வாங்க. முத்திரை இருந்தாத்தான் மாத்திரை. ஒரு முத்திரைக்கு ஒரு நாள் மாத்திரை."

"எனக்கு யாரும் லேசர் எழுதலையே?"

"உங்களுக்கு எழுதல. ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்காங்க. மெஷின் வாங்கி ரெண்டு வருஷமாச்சு."

அவர் தெருமுனை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் மண்டையைச் சொறிந்தார். "புண் ஆறதுக்கு லேசர் கொஞ்சம் உதவலாம்னு சில இடத்துல சொல்றாங்க. எனக்கு உறுதியாத் தெரியாது. கெடுதல் ஒண்ணுமில்ல. ஆனா கை சூடா இருக்கணும், மாத்திரை விடக்கூடாது. அது ரெண்டும் உறுதி."

மனைவிக்கு இதில் சந்தேகமே இல்லை. "வெளிச்சம்தானே அடிக்கப் போறாங்க? அடிச்சுட்டுப் போகட்டும். நீங்க மாத்திரையை வாங்கிட்டு வாங்க," என்றாள்.

லேசர் சீரமைப்பு உயர் மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே பதினாறு டிகிரி. இயந்திரத்தின் உடம்புக்கு அதுதான் ஒத்துக்கொள்ளுமாம். இயந்திரத்துக்கு நீல வெல்வெட் உறை, தனி மின்சாரம், கவனித்துக்கொள்ளத் தனி ஆள், மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு. நோயாளிகளுக்கு இரும்பு பெஞ்சு. வாசலிலேயே கையுறை, சால்வை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். கம்பளி இழை பறந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டினால் இயந்திரத்துக்குச் சுகமில்லாமல் போய்விடும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது.

"எனக்குக் குளிர் ஆகாதும்மா. அதுதான் நோயே," என்றார் பல்லுக்காரர், வாசலில் நின்ற நர்ஸிடம்.

"இங்க எல்லாருக்கும் அதே நோய்தான் சார். அதனாலதானே எல்லாரையும் ஒரே இடத்துல உக்கார வச்சிருக்கோம்," என்றாள் அவள். அவள் கழுத்தில் ஒரு வண்ண அட்டை தொங்கியது. அதனால் அவளுக்கு அட்டை நர்ஸ் என்று பெயர்.

பெஞ்சில் பக்கத்து இடம் கணக்கு டீச்சருக்கு. ஓய்வு பெற்றவர். அவருக்கு நோய் உதடுவரை வந்து வாயை இறுக்கியிருந்தது. அதனால் பேச்சு குறைவு. பேசினால் விடையை மட்டும் சொல்வார்.

சரியாக ஒன்பது மணிக்கு மையத்தின் தலைவர் வந்தார். கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். தலைவர் கம்பளிக்கு விதிவிலக்கு. நோயாளிகள் எல்லோரும் எழுந்து நின்று வெறுங்கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். 'நான் குணமடைய மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். என் விரல்கள் சிகிச்சைக்கு ஒத்துழைக்கும். குணமடைந்தபின் அதை மறுக்க மாட்டேன்.' பல்லுக்காரருக்கு மூன்றாவது வரி கொஞ்சம் இடித்தது. ஆனாலும் ஊரோடு சேர்ந்து சொல்லிவைத்தார்.

சிகிச்சை முறை இது. ஐம்பது நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு அட்டை நர்ஸ் வந்து விரல் பக்கத்தில் அட்டையைப் பிடித்து 'முன் நிறம்' குறிப்பாள். அட்டையில் ஏழு நிறங்கள். ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, ஏழு ரோஜா. இந்த ஏழு நிறத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு குழு பதினான்கு முறை கூடியதாம். அப்புறம் உள் அறையில் கைக்கு நான்கு நிமிடம் ஒரு சிவப்புப் புள்ளி விரல்மேல் ஊர்ந்து போகும். சூடும் இல்லை, வலியும் இல்லை. அதன்பின் 'பின் நிறம்'. அதற்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதால், வெளிச்சம் நன்றாக இருக்கும் கிழக்கு வராந்தாவுக்கு அனுப்புவார்கள். போட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் வருகிற இருபத்தைந்து நிமிடமும் நோயாளிகள் வெயில் ஏறிய சுவரில் கையை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் நாள் பல்லுக்காரரின் முன் நிறம் இரண்டு, பின் நிறம் ஆறு.

"பாருங்க சார், முதல் நாளே நாலு படி!" என்று அட்டை நர்ஸ் கை தட்டினாள். வராந்தாவில் இருந்த எல்லோரும் தட்டினார்கள். தட்டினால் கை இன்னும் கொஞ்சம் சூடாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பல்லுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் நம்பினார். பஸ்ஸில் வரும்போது அந்த ரோஜா விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தார்.

இரண்டு வாரத்தில் கடுகு மறுபடியும் மிளகாயிற்று. மூன்றாவது வாரம் கடலையாயிற்று. காகிதத்தில் மட்டும் விரல் நாளுக்கு நான்கு படி ஏறிக்கொண்டே இருந்தது. மனைவி கட்டு மாற்றும்போது விரலைப் பார்த்துவிட்டுத் துணியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினாள்.

அப்போதுதான் அவருக்குள் இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான். நிற அட்டை அவருக்குப் புதிதா என்ன? பல்லில் மட்டும் பதினாறு வெள்ளை உண்டு. முப்பது வருடமாக அட்டையைப் பல் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பிழைப்பு நடக்கிறது. அந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கும் பாடமே, ஒரே ஜன்னல், ஒரே நேரம். விளக்கில் ஒரு தரம், வெயிலில் ஒரு தரம் பார்த்தால் ஒரே பல் இரண்டு பேருடையதாகிவிடும்.

"அம்மா, முன் நிறத்தைக் குளிர்ல டியூப்லைட் கீழ பாக்கறீங்க. பின் நிறத்தை வெயில்ல பாக்கறீங்க. சிவக்காம என்ன செய்யும்?" என்று அட்டை நர்ஸிடம் மெதுவாகக் கேட்டார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சார், என் பொறுப்பு அட்டை மட்டும்தான். வெயில் எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு எனக்குத் தெரியாது."

அடுத்த வாரம் மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தது. வராந்தாச் சுவர் சில்லிட்டுப் போயிருந்தது. எல்லோருக்கும் முன் நிறம் இரண்டு, பின் நிறமும் இரண்டு. சிலருக்கு ஒன்று. மையம் கதிகலங்கியது. தலைவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு மூன்று முறை வந்து பார்த்தார். நான்காம் நாள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கடிதம் வந்தது.

'தங்கள் விரல்கள் மேற்படி தேதிகளில் முன்னேற்றம் காட்டத் தவறியமைக்கு விரல்வாரியாக எழுத்துமூலம் விளக்கம் கோரப்படுகிறது. இடது கைச் சுண்டு விரல் அரைப் படி முன்னேறியுள்ளதால் அதற்கு விலக்கு அளிக்கப்படுகிறது.'

பல்லுக்காரரால் பேனா பிடிக்க முடியவில்லை. கணக்கு டீச்சர் இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து அவருக்காக எழுதினார். "என்ன எழுதட்டும்?"

"உள்ளதை எழுதுங்க. மேகமூட்டமா இருந்துச்சுன்னு."

ஒன்பது விரல்களுக்கும் ஒன்பது முறை 'மேகமூட்டம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே பதில் வந்தது. 'வானம் இம்மையத்தில் பதிவு செய்யப்பட்ட நோயாளி அல்ல. விளக்கம் ஏற்கப்படவில்லை. விரல்கள் எச்சரிக்கப்படுகின்றன.'

வெயில் திரும்பியது. விரல்கள் எச்சரிக்கைக்குப் பயந்து ஆறாவது நிறத்துக்குப் போயின. மையம் மூச்சு விட்டது.

இருபத்தாறாவது அமர்வில் பல்லுக்காரர் இன்னொன்றைக் கவனித்தார். சிவப்புப் புள்ளியைக் காணோம். இயந்திரத்தின்மேல் வெல்வெட் உறை போட்டபடியே இருந்தது. இயந்திரத்தைக் கவனிக்கும் ஆள் உறையின்மேல் கையை வைத்து நான்கு நிமிடம் கடிகாரம் பார்த்தார்.

"என்னங்க இது?"

"உள்ள ஒரு பாகம் போயிடுச்சு. வெளிநாட்டுலருந்து வரணும். அதுவரைக்கும் அமர்வை நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. கையை நீட்டுங்க."

பதினோரு நாள் இப்படியே நடந்தது. பதினோரு நாளும் முன் நிறம் இரண்டு, பின் நிறம் ஆறு. இதைவிடச் சாட்சி வேண்டுமா? பல்லுக்காரர் தலைவரைப் பார்க்க அனுமதி வாங்கினார். தலைவரின் அறைக்குள் நுழைந்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வராத குறை. உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அவர் விரல்கள் யாரும் கேட்காமலே சிவக்க ஆரம்பித்தன.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. மெஷின் ஓடவே இல்ல. பதினோரு நாளா உறையே எடுக்கல. ஆனா நிறம் அதேதான் வருது. அப்போ கையைச் சிவக்க வைக்கறது வெயில்தான். உள்ள ஏசியை நிறுத்திட்டு, எங்களைக் கையுறையோட வராந்தாவுல உக்கார வச்சீங்கன்னா போதும். இந்தக் குளிர்ல என் புண்ணு பெருசாயிட்டே வருதுய்யா." கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

தலைவர் புண்ணைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார். முகத்தில் ஒரு பரவசம்.

"என்ன சொன்னீங்க? மெஷின் ஓடலையா? ஓடாமலே நாலு படியா?"

"ஆமாங்கய்யா."

"பாத்தீங்களா! எப்படிப்பட்ட மெஷின் பாத்தீங்களா! மத்தவங்க மெஷினெல்லாம் ஓடினாத்தான் வேலை செய்யும். நம்மது ஓடாமலே இந்தப் போடு போடுது. ஓடினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. இருபத்தெட்டு வருஷ அனுபவத்துல சொல்றேன், சிகிச்சையே இல்லாம நூத்துக்கு நூறு பலன் காட்டின மையம் உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"வெயிலுங்கய்யா..."

"வெயில் வெயில்ங்கறீங்க. அது நம்ம கையிருப்புல இருக்கா? வரிசை எண் இருக்கா? பழுதானா யார் வந்து பாப்பாங்க? சாயங்காலம் ஆறு மணிக்குமேல வேலை செய்யுமா? நாளைக்கு ஒருத்தர் என்னைக் கேட்பார், ஏன்யா, வெயிலை நம்பியா இவ்வளவு பெரிய மெஷினை வாங்கினீங்கன்னு. நான் என்ன பதில் சொல்றது? அதையும் யோசிக்கணும் நீங்க. சும்மா உங்க விரலையே நினைச்சுட்டு இருக்கக் கூடாது."

பல்லுக்காரர் தான் சுயநலமாக நடந்துகொண்டோமோ என்று ஒரு நொடி வெட்கப்பட்டார். அந்த ஹீட்டரின் சுகம் அப்படி.

அந்தச் சந்திப்புக்கு இரண்டு விளைவுகள். ஒன்று, 'உறைமேல் சிகிச்சை' என்ற புதிய முறையைப் பற்றித் தலைவர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இரண்டு, வராந்தாவின் குறுக்கே சங்கிலி கட்டி, டோக்கன் உள்ளவர்கள் தவிர யாரும் வெயிலில் நிற்கக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். அமர்வு முடியுமுன் சுவரைத் தொட்டவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

முப்பத்தெட்டாவது அமர்வன்று முத்திரையோடு மாத்திரை ஜன்னலுக்குப் போனார்.

"இன்னும் ரெண்டு அமர்வுதானே? அதோட கடைசி," என்றார் ஜன்னல்காரர்.

"எது கடைசி?"

"மாத்திரைதான். நாற்பது முடிஞ்சா பூரண குணம். குணமானவங்களுக்கு எதுக்கு மாத்திரை?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"குணமாகலைன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"குணமானா மறுக்க மாட்டேன்னு தினமும் கையை நீட்டிச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப கை சொல்லட்டும். கடைசி நாள் விரல் சிவக்காம இருந்தா என்ன செய்வாங்க? எப்படிக் குணம்னு எழுதுவாங்க?"

"வெயில்ல நிக்க வைப்பாங்களே, சிவந்துடுமே."

அவள் அந்த விரலைத் தன் பக்கம் இழுத்துக் கட்டைச் சரிசெய்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "சிவக்க விடாதீங்க. பச்சைத் தண்ணியில கையை விடுங்க." சொல்லிவிட்டு அழுதாள். ஆறு மாதமாக அந்தக் கையில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

நாற்பதாவது அமர்வு விழாவாக அமைந்துவிட்டது. பல்லுக்காரர் அந்த மையத்தில் குணமடைந்த ஐந்நூறாவது நபர் என்று அப்போதுதான் தெரிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்தார். வராந்தாவில் நாற்காலிகள் போட்டு, சங்கிலியில் பூ சுற்றியிருந்தார்கள். நல்ல வெயில்.

அமர்வு முடிந்ததும் பல்லுக்காரர் கழிப்பறைக்கு அனுமதி கேட்டார். தரை கழுவும் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டார். முதலில் எரிந்தது, பிறகு குடைந்தது, பிறகு விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. நூறு எண்ணினார். குணமடையாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வந்து கையை நீட்டினார். பத்து விரலும் சுண்ணாம்பு. கூட்டத்தில் சலசலப்பு. அட்டை நர்ஸ் அட்டையைப் பிடித்தாள்.

"ஒண்ணு சார்," என்றாள் தலைவரிடம், காற்று மட்டும் வரும் குரலில்.

சிறப்பு விருந்தினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "என்ன இது, இப்படி வெளுத்துக் கிடக்கு?"

தலைவர் ஒரே ஒரு கணம்தான் திகைத்தார். அந்தப் பதவிக்குச் சும்மா வந்துவிடவில்லை அவர். விருந்தினர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினார்.

"ஐயா, இந்தக் காட்சியைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். அட்டையில ரோஜாதான் உச்சம்னு இதுவரைக்கும் நினைச்சுட்டிருந்தோம். இன்னிக்கு இவர் ரோஜாவையும் தாண்டிப் போயிட்டார். குணம் ஒரு அளவுக்குமேல முத்திடுச்சுன்னா வெளுத்துடும்யா. நாங்க இதை எட்டுன்னு சொல்றோம்."

"எட்டா! அட்டையில ஏழுதானே இருக்கு?"

"அட்டை போதல ஐயா. நாளைக்கே திருத்திடறோம்."

விருந்தினர் எழுந்து கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பல்லுக்காரர் மட்டும் தட்டவில்லை, விரல்கள் மடங்கவில்லை. "இல்லைங்க, இது வலிக்குதுங்க, நான் வாளித் தண்ணியில..." என்று அவர் ஆரம்பித்ததை மைக் வாங்கவில்லை. சான்றிதழைப் பிடிக்கக் கை வராததால் அதை அவருடைய அக்குளில் செருகினார்கள். கையெழுத்தை அவருக்காக இயந்திரத்தைக் கவனிக்கும் ஆள் போட்டார். மறுநாள் அட்டையில் எட்டாவது நிறம் ஏறியது. மாத்திரைக்கு வந்த பல்லுக்காரர் அதைப் பார்த்தார். முப்பது வருடம் நிறம் பார்த்த கண் அது. ஒன்றுக்கும் எட்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

மாத்திரை ஜன்னலில் சான்றிதழைப் படித்துவிட்டு வாழ்த்துச் சொல்லி, சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்.

படிக்கட்டில் கணக்கு டீச்சர் காத்திருந்தார். தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பல்லுக்காரரின் சட்டைப்பையில் வைத்தார். "ஏழு மாத்திரை. என் பங்குல மிச்சம் பிடிச்சது."

"உங்களுக்கு வேணுமே டீச்சர்."

"வச்சுக்குங்க. நான் நாலு தரம் குணமாயிருக்கேன், பழக்கம்."

"நாலு தரமா?"

"இந்த ஊர்ல இந்த நோய் எத்தனை பேருக்கு? நூத்தி இருபத்தஞ்சு. குணமானது ஐந்நூறு. வகுத்துப் பாருங்க. எல்லாம் அதே ஆளுங்கதான். குணமாயிட்டு, திரும்பப் புதுசாப் பதிஞ்சுக்கணும். மாத்திரை வரும்."

"அப்ப நாளைக்கே பதிஞ்சுக்கறேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். "நாற்பத்தஞ்சு நாள் ஆகணும். குணத்தை அனுபவிக்கறதுக்கு அவகாசம் குடுப்பாங்க."

பல்லுக்காரர் நாற்பத்தைந்து நாள் குணத்தை அனுபவித்தார். ஏழு மாத்திரையை நாளைக்கு அரையாகப் பிய்த்துப் பதினான்கு நாள் ஓட்டினார். மனைவி கையுறைக்குமேல் கையுறை போட்டாள், வெந்நீர்ப் பையை வைத்தாள், தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்த விரலைப் பொத்திக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்தாள். இருபதாம் நாள் நுனி கறுத்தது. தெருமுனை டாக்டர் மையத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். 'குணமடைந்தவரைப் பற்றிய கடிதங்கள் பரிசீலிக்கப்படா' என்று அச்சடித்த பதில் வந்தது. முப்பத்தைந்தாம் நாள், பரவாமல் இருக்க வேறு வழியில்லை என்று சொல்லி, அந்த நுனியை எடுத்தார்கள். மேல் கணு போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் பல்லுக்காரர் பட்டறைக்குப் போய் விளக்கை ஏற்றி, நடுவிரலால் மெழுகை அழுத்திப் பார்த்தார். அந்த விரல் நல்ல விரல்தான், ஆனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

நாற்பத்தாறாம் நாள் காலையில் மையத்தின் பதிவு மேஜைக்கு முன்னால் நின்றார். பதிவு எழுத்தர் புதுப் படிவத்தை எடுத்தார்.

"இதுக்கு முன்னாடி இந்த நோய் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பூரணமா குணமாயிடுச்சு."

"சந்தோஷம். இது புதுசா வந்திருக்கு, அப்படித்தானே?"

"ஆமாங்க. புதுசு."

"விரலை நீட்டுங்க." எழுத்தர் பேனா முனையால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "பழைய ஃபைல்ல முழுசா பத்துன்னு இருக்கே? இங்க ஒண்ணு முழுசா இல்லையே?"

"அதோட நுனியை எடுத்துட்டாங்க."

எழுத்தர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். 'நோயுள்ள பகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது, 'குணமடைந்த பகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. எடுத்துவிட்ட பகுதிக்குக் கட்டம் இல்லை. அவர் கடமை தவறாதவர். விசாரித்தே எழுதுவார்.

"அந்த நுனியில வலி இருக்கா?"

"நுனிதான் இல்லையே. எப்படி வலிக்கும்?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வலி?"

"இல்ல."

"வெளுக்குதா? நீலமாகுதா?"

"இல்ல."

"புண்ணு?"

"இல்ல."

எழுத்தரின் முகம் தெளிந்தது. இரண்டாவது கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதி, படித்தும் காட்டினார். "வலது ஆள்காட்டி விரல் நுனி. அறிகுறி எதுவும் இல்லை. பூரண குணம்." முத்திரையைக் குத்தினார். பிறகு, பல்லுக்காரர் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கே மனம் இளகிவிட்டது.

"கவலைப்படாதீங்க சார். ஒண்ணு ஆயிடுச்சுல்ல? மத்த விரலுக்கும் படிப்படியா இதே மாதிரி ஆயிடும்," என்று ஆறுதல் சொல்லி, கையுறையைக் கூடையில் போடச் சொன்னார்.